வளம் குன்றாமல் காக்கும் தொழில்

(கொட்டிவாக்கத்தில் ஊராட்சிப் பொறுப்பினரும், உழவரும், பட்டம் பெற்ற இளைஞரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்லூரிப் படிப்பை முடித்து வெளிவரும் நம் பிள்ளைகளுக்கு இந்நாளில் ஒரு புதிய தொழில் வாய்த்திருக்கிறது. அதனை 'வளங்குன்றா வளர்ச்சி ஆலோசனை' என்கிறார்கள். அத்தொழில் யாது, அதில் புகுவது எவ்வாறு, அதனால் நம் ஊர்களுக்கு விளையும் நன்மை என்ன என்பவற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பெற்றோர் கேட்கும் வினா ஒன்று உண்டு: "இந்தப் படிப்பு பிள்ளைக்குச் சோறு போடுமா?" ஊராட்சியார் கேட்க வேண்டிய வினா வேறொன்று: "இவர் கூறும் யோசனையை நம்பிப் பொதுப் பணத்தைச் செலவிடலாமா?" இரண்டும் வெவ்வேறு வினாக்களாகத் தோன்றினும் விடை ஒன்றுதான். களத்தில் இறங்கி அளந்து பார்த்துச் சொல்பவருக்கு வேலையும் உண்டு. அவர் சொல்லுக்கு மதிப்பும் உண்டு. அளக்காமல் சொல்பவருக்கு இரண்டும் நிலைக்கா. இதனை விளக்குவதே என் உரையின் நோக்கம்.

தொழிலின் பொருள்

பெயர் நீளமாயினும் பொருள் எளிது. ஒரு குடும்பம் விதை நெல்லை உண்டுவிட்டால் அடுத்த பருவத்தில் விதைக்க ஒன்றுமிராது. ஊருக்கும், தொழிற்சாலைக்கும், நாட்டுக்கும் இவ்வாறே விதை நெல் உண்டு. நிலத்தடி நீர், மண்ணின் சத்து, காடு, காற்று ஆகியவையே அந்த விதை நெல். அவற்றுள் எவ்வளவு எடுக்கிறோம், எவ்வளவு திரும்ப வைக்கிறோம் என்று கணக்கிட்டு, முதல் குறையாமல் தொழிலை நடத்தும் வழியைச் சொல்பவரே வளங்குன்றா வளர்ச்சி ஆலோசகர். வரவு செலவைத் தணிக்கை செய்பவர் பணத்தைக் கணக்கிடுகிறார். இவர் வளத்தைக் கணக்கிடுகிறார்.

யோசனை கூறுவது நம் வட்டாரங்களுக்குப் புதிதன்று. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமூக நல வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கப்பெற்றபோது, கிராம சேவகர் என்னும் ஊழியர் வீடு வீடாகவும் வயல் வயலாகவும் சென்று விதை, உரம், சுகாதாரம் பற்றி எடுத்துரைத்தார். அந்நாளில் 'மேலும் விளைவிப்பது எப்படி?' என்பதே தலையாய கேள்வி. இந்நாளில் அதனோடு மற்றொரு கேள்வியும் சேர்ந்துள்ளது: 'விளைவிக்கும் ஆற்றல் அழியாமல் விளைவிப்பது எப்படி?'

கொட்டிவாக்கம் தரும் பாடம்

நாம் கூடியிருக்கும் இவ்வூரையே எடுத்துக்கொள்வோம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். இரண்டுக்கும் இடையே மணற்பாங்கான நிலம். 2011-ஆம் ஆண்டு வரை இது ஊராட்சியாக இருந்தது. அவ்வாண்டில் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது இணைக்கப்பெற்ற 25 ஊராட்சிகளுள் கொட்டிவாக்கமும் ஒன்று. இன்று இங்கே வயல் வரப்பைத் தேடினாலும் கிடைக்காது. ஆயினும் தரைக்குக் கீழே பழைய ஊர் அப்படியே இருக்கிறது. அஃதாவது மணலும், மணலில் தங்கும் மழைநீரும் இன்னும் அங்கே உள்ளன.

கடற்கரை மணலில் நல்ல நீர் எவ்வாறு நிற்கிறது என்பதை ஊராட்சிப் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் அறிதல் நன்று. நன்னீர் இலேசானது; உப்புநீர் கனமானது. ஆகையால் மணலுக்குள் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கூறும் விதி. இதனைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்துப் புலப்படும். மிகுதியாக இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்திவிட்டால், கீழே உப்புநீர் காலப்போக்கில் நாற்பது அடி ஏறுவதற்கு வழி திறக்கிறோம். கிணறு வற்றினால் மழை பெய்து நிரம்பும்; கிணறு உப்பானால் மீள்வது எளிதன்று. இவ்விதி கொட்டிவாக்கத்துக்கு மட்டும் உரியதன்று. கடற்கரை ஊராட்சிகள் அனைத்துக்கும் பொருந்தும்.

இப்பொழுது ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் உள்ளது. ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதன்மீது ஓராண்டில் விழும் நீர் 1,30,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு இலட்சம் லிட்டருக்கு மேல் மிஞ்சும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் எட்டு நடைக்கும் மேற்பட்ட நீர் இது. இந்நீரை மணலுக்குள் இறக்கினால் உப்புநீர் பின்வாங்கும். தெருவில் ஓடவிட்டால் கால்வாய் வழியே கடலுக்குப் போகும்.

இக்கணக்கை வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவர் இதே கடற்கரை மணலில், சில கல் தொலைவில் உள்ள பெசன்ட் நகரில் வாழ்ந்தார். சேகர் இராகவன் என்னும் அவர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1990-களில் வீடு வீடாகச் சென்று, "மாடி மழைநீரைக் கிணற்றில் விடுங்கள்" என்று எடுத்துரைத்தார். தொடக்கத்தில் செவிமடுத்தோர் சிலரே. 2002-இல் மந்தைவெளியில் 'மழை இல்லம்' என்னும் ஆலோசனை நிலையம் திறக்கப்பெற்றது. 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியது. இயற்பியல் படித்தவர் நீருக்கு ஆலோசகராகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

சட்டம் வந்த பின்னும் தொட்டியைத் தூர் வாராதவர்களும், பெயருக்குக் குழாய் பொருத்தியவர்களும் இருக்கவே செய்தனர். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நெம்மேலியில் 2013-இலும் 2024-இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் திறக்கப்பெற்றன. அவை மக்களுக்கு இன்றியமையாதவை. எனினும், வானம் இலவசமாகத் தந்த நன்னீரை ஓடவிட்டு, கடல்நீரை மின்சாரம் செலவிட்டு நன்னீராக்குகிறோம் என்பதைக் கணக்கறிந்தவர் சிந்திக்க வேண்டும்.

குமரப்பா காட்டிய வழி

இத்தொழில் மேல்நாட்டிலிருந்து நேற்று வந்தது என்று இளைஞர்கள் எண்ண வேண்டா. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தியவர். பின்னர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பயின்றார். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தார். அடிகள் அவரைக் குஜராத்தின் மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பி, அங்குள்ள கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராயப் பணித்தார். குமரப்பா வித்யாபீட மாணவர்களை உடனழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். உழவன் வீட்டு வரவு, செலவு, கடன், நிலவரி எனக் குடும்பந்தோறும் கேட்டுக் கணக்கெடுத்தார். பம்பாயில் கம்பெனிகளின் ஏடுகளைப் புரட்டிய கை, ஏடே இல்லாத உழவனின் கணக்கை முதன்முறையாக எழுதியது.

பின்னாளில், 1945-ஆம் ஆண்டளவில், சிறையிலிருந்தபோது நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். மீண்டும் விளையும் வளத்தைக் கொண்டு வாழ்வதையும், ஒருமுறை எடுத்தால் தீர்ந்துபோகும் வளத்தைக் கொண்டு வாழ்வதையும் அதில் பிரித்துக் காட்டினார். இன்று உலக மன்றங்கள் பேசும் கருத்தின் வித்து அதில் இருக்கிறது. அவர் 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் மறைந்தார். இத்தொழிலில் புகும் ஒவ்வோர் இளைஞரும் அவரிடம் கற்க வேண்டியது ஒன்று: முதலில் கணக்கெடுப்பு, பிறகே யோசனை.

வேலை எங்கே இருக்கிறது?

இனிப் பெற்றோரின் வினாவுக்கு வருகிறேன். இத்தொழிலுக்கு இடந்தரும் துறைகள் பல. சட்டங்களே அவ்விடத்தை உண்டாக்கியுள்ளன.

முதலாவது, மின்சாரச் சிக்கனம். 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி மைய அரசின் எரிசக்திச் சிக்கன வாரியம் அமைந்தது. எரிசக்தி மேலாளர், எரிசக்தித் தணிக்கையாளர் ஆகியோருக்குத் தேசிய அளவில் தேர்வு நடைபெறுகிறது. இத்தேர்வுக்குப் படிப்புத் தகுதியோடு பணியனுபவமும் வேண்டும்.

இரண்டாவது, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் அறிவிக்கையின்படி, சுரங்கம், பெருந்தொழிற்சாலை போன்றவை தொடங்குமுன் அதனால் நிலமும் நீரும் எவ்வாறு பாதிக்கப்படும் என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். பல திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடத்த வேண்டும். அறிக்கை எழுதும் நிறுவனங்களில் மண், நீர், காற்று, உயிரினம், சமூகப் பொருளாதாரம் எனப் பல துறை வல்லுநர் அமர்த்தப்படுகின்றனர்.

மூன்றாவது, கம்பெனிகளின் ஆண்டறிக்கை. பங்குச் சந்தையில் மதிப்பால் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள கம்பெனிகள், தம் மின்சாரம், நீர், கழிவு, தொழிலாளர் நலம் ஆகியவற்றைப் பற்றி அறிக்கை தருவதை 2022-23-ஆம் ஆண்டு முதல் 'செபி' என்னும் பங்குச் சந்தை வாரியம் கட்டாயமாக்கியுள்ளது. வாணிகவியல் படித்தவருக்கும் இதில் இடமுண்டு.

நான்காவது, அரசுப் பணி. 2022 டிசம்பரில் தமிழ்நாடு பருவநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பெற்றது. அதனையடுத்து முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தின் கீழ் இளம் பட்டதாரிகள் தெரிந்தெடுக்கப்பெற்று மாவட்டங்களில் பணியமர்த்தப்பெற்றனர். இத்தகைய அறிவிப்புகளை இளைஞர்கள் விழிப்புடன் நோக்கியிருத்தல் வேண்டும்.

கற்பதற்கும் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது. தரமணியில் 1988-இல் நிறுவப்பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், திண்டுக்கல் அருகே 1956 முதல் நடைபெறும் காந்திகிராமக் கல்வி நிலையமும் உள்ளன.

இவையெல்லாம் வெறும் காகித வேலைகள் என்று உழவர் பெருமக்கள் எண்ண வேண்டா. நொய்யல் ஆற்றை நினைவுகூர்வோம். திருப்பூர்ச் சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசன நிலங்கள் பாழாயின. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரை முற்றும் தூய்மை செய்து, ஒரு துளியும் வெளிவிடாத நிலையை எய்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறை முதலாளிக்குத் தொழில் போயிற்று. தொழிலாளிக்குக் கூலி போயிற்று. உழவனுக்கு நிலம் ஏற்கெனவே போயிருந்தது. தொடக்கத்திலேயே கணக்கறிந்த ஆலோசகர் ஒருவரைக் கேட்டு நடந்திருந்தால் மூவருக்கும் நேர்ந்த இழப்பு குறைந்திருக்கும்.

முதல் ஆண்டில் செய்ய வேண்டுவது

பட்டம் பெற்றவுடன் பெரிய நிறுவனத்தில் வேலை கிடைப்பது சிலருக்கே. ஏனையோர் காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டா. தம் ஊரையே முதற் பள்ளியாகக் கொள்க என்பது என் வேண்டுகோள்.

பத்துக் கிணறுகளைத் தெரிந்தெடுத்து, மாதந்தோறும் ஒரே நாளில் நீர்மட்டத்தை அளந்து எழுதுக. ஊராட்சியின் மின்கட்டண அட்டைகளைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒழுங்குபடுத்துக. ஒரு வாரம் குப்பையை மக்குவது, மக்காதது எனப் பிரித்து எடை போடுக. ஓராண்டு முடிவில் கையில் ஓர் ஏடு இருக்கும். எந்த நிறுவனத்தில் நேர்காணலுக்குச் சென்றாலும், மற்றவர் மதிப்பெண் பட்டியலைக் காட்டுவர். நீங்கள் இந்த ஏட்டைக் காட்டலாம்.

அளந்தால் என்ன பயன் என்பதற்குத் தெருவிளக்கு ஓர் எடுத்துக்காட்டு. பழைய குழல் விளக்கு அதன் சோக்கோடு சேர்ந்து 50 வாட் இழுப்பதாகவும், புதிய எல்.இ.டி. விளக்கு 20 வாட் இழுப்பதாகவும் கொள்வோம். நூறு விளக்கை மாற்றினால் மிச்சம் 3 கிலோவாட். இரவு பதினொரு மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 33 யூனிட். ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 யூனிட். ஒரு யூனிட்டுக்கு என்ன கட்டணமோ அதனால் பெருக்கினால் ஊராட்சிக்கு மிஞ்சும் தொகை தெரிந்துவிடும். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், அவ்வளவு யூனிட் குறைந்தால் எட்டு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு குறையும். இந்தப் பெருக்கல் தெரிந்தவரே ஆலோசகர். இதற்கு மேற்பட்டதெல்லாம் பயிற்சியால் வருவது.

அளந்து பார்த்துத் துணிந்த ஊராட்சி ஒன்றையும் சொல்கிறேன். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, மின்கட்டணச் சுமையை ஆராய்ந்து, சேமிப்போடு வங்கிக் கடனும் பெற்று, 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. தன் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து மக்கள் வந்து அதனைப் பார்வையிட்டனர். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-இல் ஊராட்சித் தலைவரான இரா. இளங்கோ இரசாயனப் பொறியியல் படித்தவர். படித்தவர் ஊரில் தங்கினால் ஊர் வளரும் என்பதற்கு அவரும் ஒரு சான்று.

ஊராட்சியார் கவனத்துக்கு

ஆலோசகர் எல்லாரும் ஒரே தரத்தினர் அல்லர். ஓர் ஊராட்சிக்கு வந்த அறிக்கை ஒன்றை நான் பார்க்க நேர்ந்தது. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். நடுப்பக்கத்தில் அவ்வூரில் இல்லாத ஓர் ஆற்றின் கரையைப் பலப்படுத்த யோசனை கூறப்பட்டிருந்தது! வேறோர் ஊருக்கு எழுதியதைப் பெயர் மாற்றித் தந்துவிட்டனர். அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் படித்துப் பார்த்து, "இந்த ஆறு எங்கே ஐயா ஓடுகிறது?" என்று கேட்ட பிறகே அது வெளிப்பட்டது.

ஆதலின் ஊராட்சியார் நான்கு கேள்விகளை மனத்திற்கொள்ள வேண்டும். எத்தனை நாள் ஊரில் தங்கி அளந்தீர்? எந்தக் கிணறு, எந்தத் தெரு, எந்த நாள் என்ற குறிப்பு எங்கே? உம் யோசனைக்கு ஆகும் செலவும், ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவும் எவ்வளவு? இதனைக் கிராம சபையில் தமிழில் படித்து, எழும் கேள்விகளுக்கு விடை கூறுவீரா? இந்நான்குக்கும் விடை கூறுபவருக்குக் கூலியை முழுமையாகவும் தாமதமின்றியும் கொடுங்கள். நம் ஊர்ப் பிள்ளை என்பதற்காக இலவசமாக வேலை வாங்குவது முறையன்று. உழைப்புக்கு ஊதியம் தராத ஊரில் திறமை தங்காது.

உழவர் பெருமக்களுக்கும் ஒரு சொல். நெல் வயலில் இடைவிடாது நீர் நின்றால் மண்ணிலிருந்து மீத்தேன் என்னும் வாயு எழுகிறது. பாய்ச்சலும் காய்ச்சலுமாக நீர் கட்டினால் அது வெகுவாகக் குறையும். நீரும் 30 சதவீதம் வரை மிச்சமாகும் என்று பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் கூறுகிறது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, நீர் தரைமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழிறங்கிய பின் மீண்டும் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் நீர் நிற்க வேண்டும்.

இவ்வாறு குறைக்கும் வாயுவை டன் கணக்கில் அளந்து, 'கரிம வரவு' என்ற பெயரில் விற்கும் வாணிகமும் தோன்றியுள்ளது. ஒரு டன்னுக்கு ஒரு வரவு என்பது கணக்கு. அதற்கென ஒப்பந்தத்துடன் ஆட்கள் வரலாம். எத்தனை ஆண்டுக்கு நிலம் கட்டுப்படும், பயிரை மாற்றினால் என்னாகும், அளவெடுக்கும் செலவு யாருடையது, விற்ற பணத்தில் உழவனுக்கு எத்தனை பங்கு என்பவற்றைப் படித்தறியாமல் கையொப்பமோ கைநாட்டோ இடாதீர்கள். அந்தத் தாளை வாங்கிப் படித்து, விளங்கச் சொல்ல நம் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நம் பிள்ளை அமைந்தால் அதனினும் சிறப்பு வேறில்லை.

முடிவுரை

இளைஞர்களே! இத்தொழிலில் உங்களுக்கு ஊதியம் தருபவர் பெரும்பாலும் கம்பெனியாகவோ அரசாகவோ இருப்பார். ஆனால் உங்கள் யோசனை தவறினால் துன்புறுபவர், உங்களை ஒருபோதும் கண்டிராத உழவனும், குடம் ஏந்தி நிற்கும் தாயுமே ஆவர். அறிக்கையில் ஒரு எண்ணை மாற்றி எழுதச் சொல்லி யாரேனும் வற்புறுத்தும் நாளும் வரக்கூடும். அந்நாளில் அந்த எண்ணுக்குப் பின்னே இருக்கும் கிணற்றை நினைத்துப் பாருங்கள்.

பெரியோர்களே! உங்கள் ஊரில் சூழலியலோ, வேளாண்மையோ, பொறியியலோ, வாணிகவியலோ படித்து வந்த பிள்ளை இருந்தால், அடுத்த கிராம சபைக்கு அவரை அழையுங்கள். ஊர்க் கிணறுகளை அளக்கும் பொறுப்பைக் கொடுத்து, ஏடும் அளவு நாடாவும் ஊராட்சிச் செலவில் வாங்கித் தாருங்கள். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஓர் அளவும், மழைக்குப் பின் ஓர் அளவும் எடுத்து ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வையுங்கள். எத்தனை அடி ஏறியது என்பதை ஊரார் அனைவரும் படிக்கட்டும்.